டிரஃபால்கர் போர் 64 கட்டங்களில்: வாசகர் கேள்வி – பதில்

1805ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று ஸ்பெயினின் தென்மேற்குக் கரையோரம் நடந்த டிரஃபால்கர் கடற்போரைக் கருவாகக் கொண்டு, கைவேலையாகச் செய்யப்படும் உயர்விலைச் சதுரங்க செட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. நெல்சன் தலைமையில் 27 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும், வில்நேவ் தலைமையில் பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து நிறுத்திய 33 போர்க்கப்பல்களும் மோதிய அந்தப் போரைப் பற்றியும், அதைப் பலகையில் கொண்டுவர முயலும் காய்களைப் பற்றியும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் வாசகர்: கடற்படையிலிருந்து ஓய்வு பெறும் என் அண்ணனுக்குக் குடும்பத்தார் எல்லாரும் பணம் போட்டு டிரஃபால்கர் சதுரங்க செட் ஒன்றைப் பரிசளிக்க நினைக்கிறோம். லண்டனில் இருக்கும் என் மகள் அனுப்பிய படங்களில் எல்லாமே அழகாகத்தான் தெரிகின்றன. ஆனால் விலை ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: விலை வேறுபாட்டுக்கு முதல் காரணம், காய்கள் எந்தப் பொருளால், எந்த முறையில் செய்யப்பட்டன என்பதுதான். விலை குறைந்தவை பெரும்பாலும் கல்தூள் கலந்த ரெசினை (செயற்கைப் பிசினை) அச்சில் ஊற்றி எடுத்து, மேலே வண்ணம் தீட்டியவையாக இருக்கும். அவற்றில் கை பட்டது வண்ணம் தீட்டும்போது மட்டுமே என்றாலும் ‘கைவேலை’ என்றே விளம்பரம் செய்வார்கள். அடுத்த நிலையில் வெள்ளீயக் கலவையை ரப்பர் அச்சில் வார்த்தெடுக்கும் காய்கள் வருகின்றன. அதற்கும் மேலே, வெண்கலத்திலோ வெள்ளியிலோ மெழுகு வார்ப்பு முறையில் செய்பவை. சுவாமிமலைச் சிலைகளால் இந்த முறை நமக்குப் பழக்கமானதே. ஆனால் சுவாமிமலையில் ஒவ்வொரு சிலைக்கும் மெழுகு வடிவத்தைத் தனியாகக் கையால் உருவாக்குகிறார்கள். சதுரங்கக் காய்களுக்கோ ஒரே மூல வடிவத்திலிருந்து மெழுகுப் பிரதிகளை வரிசையாக எடுத்துக்கொள்வது வழக்கம். மரத்தில் ஒவ்வொன்றாகச் செதுக்கிய காய்களுக்குத்தான் ‘கைவேலை’ என்ற சொல் முழுமையாகப் பொருந்தும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரே பக்கத்தின் இரண்டு சிப்பாய்க் காய்களை அருகருகே வைத்து நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பும்படி மகளிடம் சொல்லுங்கள். சட்டையின் அதே மடிப்பு அதே இடத்தில், அதே ஆழத்தில் இரண்டிலும் இருந்தால் அவை அச்சில் பிறந்தவை. கப்பல் வடிவக் காயாக இருந்தால், முன்பக்கத்திலிருந்து அடிப்பகுதி வரை மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம் அது. நல்ல பட்டறையில் அதை அரம் போட்டு அழித்திருப்பார்கள். அச்சில் வார்த்ததில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் செதுக்கியதற்கான விலையை வார்த்ததற்குக் கொடுக்கக் கூடாது. எந்தெந்தக் காய் எந்த முறையில் செய்யப்பட்டது, உலோகக் கலவை எது, ஒரு காய் உடைந்தால் மாற்றுக் காய் கிடைக்குமா ஆகிய மூன்றையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவதாக, அந்தக் காய்களை வைத்து ஆட முடிய வேண்டும். லண்டனின் ஜாக்கஸ் நிறுவனம் 1849இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, ஸ்டான்டன் என்ற ஆட்டக்காரரின் பெயர் தாங்கிய காய்கள் இன்றுவரை உலகத் தரமாக நிற்பதற்குக் காரணம், எட்டத்திலிருந்து பார்த்தாலும் எது மந்திரி, எது சிப்பாய் என்று கண் தடுமாறாமல் இருப்பதுதான். போர்க் கருவில் செய்யும் செட்டுகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். ராஜா, மந்திரி, சிப்பாய் என்று எல்லாருமே இருமுனைத் தொப்பியும் நீலக் கோட்டும் அணிந்த ஆட்களாக நின்றால், பத்தாவது நகர்த்தலுக்குள் ஆட்டம் குழம்பிவிடும். தொடக்க நிலையில் அடுக்கிய படம் எல்லா விளம்பரத்திலும் அழகாகவே இருக்கும். ஆட்டத்தின் நடுப்பகுதியில் வரக்கூடிய ஒரு நிலையில் காய்களை வைத்து, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்திலிருந்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்த்து உங்கள் அண்ணன் உடனே நிலையைப் படித்துச் சொல்ல முடிந்தால் அந்த செட்டை நம்பி வாங்கலாம்.

திருநெல்வேலி வாசகி: நான் பார்த்த ஒரு செட்டில் ஒரு பக்கம் ராஜாவாக நெல்சனும் ராணியாக அவருடைய காதலி எம்மா ஹாமில்டனும், மறுபக்கம் நெப்போலியனும் அவர் மனைவி ஜோசஃபினும் நிற்கிறார்கள். நெல்சன் அந்தப் போரில் உயிரிழந்தார், ஆனால் அவருடைய பக்கம்தான் வென்றது. ராஜா விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்னும் சதுரங்கத்தில் அவரை ராஜாவாக வைப்பது சரியா?

பதில்: இந்த வகை செட்டைச் செய்யும் ஒவ்வொரு கலைஞரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பகல் ஒன்றேகால் மணி அளவில், பிரெஞ்சுக் கப்பலான ரெதூதாப்லின் பாய்மரத்திலிருந்து சுட்ட குண்டு நெல்சனின் இடது தோளில் பாய்ந்தது. நாலரை மணி அளவில், வெற்றிச் செய்தியைக் கேட்ட பிறகே அவர் உயிர் பிரிந்தது. அவர் விழுந்த பின்னும் போர் நின்றுவிடவில்லை. எனவே அவரை ராஜாவாக வைத்தால் சதுரங்கத்தின் விதியும் வரலாறும் நேருக்கு நேர் முரண்படுகின்றன. மற்ற மூவரும் அந்தக் கடலிலேயே இல்லை. எம்மா இங்கிலாந்தில் இருந்தார். நெப்போலியன் தன் தரைப்படையோடு ஜெர்மனி மண்ணில் இருந்தார். டிரஃபால்கருக்கு முந்தைய நாள்தான் உல்ம் நகரில் ஆஸ்திரியப் படை அவரிடம் சரணடைந்தது.

ஆட்களை விட்டுவிட்டுக் கப்பல்களையே காய்களாக வைப்பதுதான் சரியான தீர்வு என்பது என் உறுதியான கருத்து. வெள்ளைப் பக்கத்தின் ராஜாவாக நெல்சனின் கொடிக்கப்பல் (தளபதி ஏறியிருந்து கட்டளையிடும் கப்பல்) விக்டரியையும், எதிர்ப்பக்கத்தின் ராஜாவாக வில்நேவின் கொடிக்கப்பல் பூசான்தோரையும் நிறுத்திப் பாருங்கள். விக்டரி பாய்மரங்கள் சிதைந்து, ஆட்களை இழந்து, ஆனாலும் பணியாமல் நின்றது. பூசான்தோர் சரணடைந்து கொடியை இறக்கியது, வில்நேவும் சிறைப்பட்டார். இப்போது சதுரங்க விதியும் வரலாறும் ஒத்துப்போகின்றன. வெள்ளை ராணிக்குப் பொருத்தமானது, நெல்சனுக்கு அடுத்த நிலைத் தளபதியான கோலிங்வுட்டின் கப்பல் ராயல் சாவரின். அடிப்பாகத்தில் புதிதாகச் செப்புத் தகடு பதித்திருந்ததால் அது மற்றக் கப்பல்களை முந்திச் சென்று முதலில் எதிரி வரிசையை உடைத்தது. எதிர்ப்பக்கத்து ராணியாக, ஹவானாவில் கட்டப்பட்டு 1769இல் கடலில் இறக்கப்பட்ட ஸ்பானியக் கப்பல் சாந்தீசிமா திரினிதாத் நிற்கலாம். நான்கு அடுக்குகளில் 130க்கும் மேற்பட்ட பீரங்கிகளைத் தாங்கிய அது, அன்றைய கடலில் மிகப்பெரிய போர்க்கப்பல். போரில் பிடிபட்டு, பின்னர் வீசிய புயலில் கடலுக்குள் போனது. அணிவகுப்பில் நின்று சண்டையிடாமல் வேவு பார்க்கவும் சைகைகளைக் கடத்தவும் ஓடிய யூரியாலஸ் போன்ற ஃபிரிகேட் கப்பல்கள் குதிரைகளாகட்டும். இரு கடற்படைகளுக்கும் முதுகெலும்பாக இருந்த ஒவ்வொன்றும் 74 பீரங்கிகளைத் தாங்கிய கப்பல்கள் யானைகளாகட்டும். யானையின் இடத்தில் கப்பல் நிற்பது புதுமையும் இல்லை. பழைய ரஷ்ய செட்டுகளிலும் வங்காளத்துச் செட்டுகளிலும் அந்தக் காயைப் படகாகவே செதுக்கியிருக்கிறார்கள்.

சிப்பாய்களை மட்டும் மனிதர்களாகவே வைக்கலாம், ஆனால் எல்லாரையும் ஒரே முகமாகச் செய்துவிடக் கூடாது. விக்டரி கப்பலின் 800க்கும் மேற்பட்ட பணியாளர்களில் பல நாடுகளில் பிறந்தவர்கள் இருந்தார்கள். லண்டனில் நெல்சன் தூணின் அடியில், அவர் வீழ்ந்த காட்சியைக் காட்டும் வெண்கலப் புடைப்பில் துப்பாக்கி ஏந்திய கறுப்பின மாலுமி ஒருவர் நிற்பதை இன்றும் காணலாம். வெடிமருந்து சுமந்து ஓடிய சிறுவர்களும் இருந்தார்கள். பெண் உருவம் ஒன்று பலகையில் வேண்டும் என்றால், அங்கே வராத எம்மாவைவிட, பிரெஞ்சுக் கப்பல் அஷீல் தீப்பற்றி எரிந்தபோது கடலில் குதித்து, பிரிட்டிஷ் படகால் மீட்கப்பட்ட ழானெத்துக்கே அந்த உரிமை அதிகம். கணவரைப் பிரிய மனமின்றி அவரோடு கப்பலேறியிருந்த அந்தப் பெண், தப்பியவர்களுக்கிடையே அவரை மீண்டும் உயிரோடு கண்டார். விலை உயர்ந்த செட்டுகளில் அவரை யாரும் செதுக்கி நான் பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

நெல்சனின் உருவம் எங்காவது வந்தால், கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1794இல் கோர்சிகாவின் கால்வியில் அவருடைய வலக்கண் பார்வை போனது உண்மை, ஆனால் அவர் அதை மூடிக் கட்டியதில்லை. 1797இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் வலக்கையை இழந்தார். ஆகவே வெறுமையாக மடித்து மார்பில் குத்திய வலப்பக்கச் சட்டைக்கை இருக்க வேண்டும். அன்று அவர் அணிந்திருந்த, இடது தோளில் குண்டுத் துளையுள்ள கோட்டு கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அதைப் பார்த்துச் செதுக்கியவருக்கு இடது மார்பில் தைத்த நான்கு விருதுச் சின்னங்களும் தெரிந்திருக்கும். பிரிட்டிஷ் பக்கத்தை வெள்ளைக் காய்களாக வைப்பதற்கும் தக்க காரணம் உண்டு. அன்றைய பிரிட்டிஷ் கடற்படையின் கொடி நிறப் பிரிவுகளில் நெல்சன் வெள்ளைக் கொடிப் பிரிவின் வைஸ் அட்மிரலாகவும் கோலிங்வுட் நீலக் கொடிப் பிரிவினராகவும் இருந்தபோதிலும், புகைக்குள் குழப்பம் வராமல் இருக்க எல்லாக் கப்பல்களும் வெள்ளைக் கொடியையே ஏற்ற வேண்டும் என்று நெல்சன் ஆணையிட்டிருந்தார். கப்பல்களின் பக்கவாட்டிலும் ஒரு சதுரங்கப் பலகை ஒளிந்திருக்கிறது. கறுப்பு உடலில் மஞ்சள் பட்டைகளும், பீரங்கித் துளைகளை மூடும் பலகைகளுக்குக் கறுப்பும் தீட்டியிருந்ததால், பலகைகள் மூடியிருக்கும்போது கட்டம் கட்டமாகத் தெரியும். இதை ‘நெல்சன் செக்கர்’ என்றே சொல்வார்கள். அந்தக் கட்டங்களை ஒன்றுவிடாமல் நுண்தூரிகையால் தீட்டிய செட்டைக் கண்டால், செய்தவர் பாடுபட்டிருக்கிறார் என்று நம்பலாம்.

சென்னை வாசகர்: ‘நெல்சனின் கப்பல் மரத்தில் செய்த பலகை’ என்று ஒருவர் பழைய செட்டை விற்கிறார். இது சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான், ஆனால் எந்தக் கப்பல், எந்தக் காலத்து மரம் என்று கேட்க வேண்டும். 1799–1800 ஆண்டுகளில் நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்த ஃபூட்ராயன்ட், டிரஃபால்கரில் பங்கெடுக்கவில்லை. 1892இல் அதை உடைப்பதற்காக ஜெர்மானிய நிறுவனத்துக்கு விற்றபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். பின்னர் மீட்கப்பட்டுக் காட்சிக் கப்பலாகக் கரையோர ஊர்களுக்குச் சென்றுவந்த அது, 1897 ஜூன் மாதம் பிளாக்பூலில் புயலில் சிக்கிக் கரைதட்டி நொறுங்கியது. அதன் ஓக் மரத்திலும் செம்பிலும் அறைகலன்கள், கைத்தடிகள், பதக்கங்கள் என்று எண்ணற்ற நினைவுப் பொருள்கள் செய்தார்கள். ஆகவே சந்தையில் வரும் ‘நெல்சன் மரம்’ பெரும்பாலும் இந்தக் கப்பலுடையதாகவே இருக்கும். விக்டரியின் மரமும் செம்பும் பழுதுபார்ப்பின்போது கழற்றப்பட்டு நினைவுப் பொருள்களாகியிருக்கின்றன. ஆனால் 1765இல் கடலில் இறக்கப்பட்ட அந்தக் கப்பலின் உடலில் பெரும்பகுதி காலப்போக்கில் மாற்றப்பட்டுவிட்டது. விக்டரியின் மரம் என்பது உண்மையாகவே இருந்தாலும், அது டிரஃபால்கரைக் கண்ட மரமாக இருக்க வேண்டியதில்லை. கப்பலின் பெயரும் ஆண்டும் பொறித்த பழைய பித்தளைத் தகடோ, அந்தக் காலத்துச் சான்றிதழோ இல்லாமல் மரத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

திருகோணமலை வாசகர்: நெல்சனுக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பதில்: உண்டு. பதின்ம வயதில் சீஹார்ஸ் என்ற கப்பலில் இந்தியப் பெருங்கடலுக்கு வந்த அவர் மதராசையும் திருகோணமலையையும் கண்டார். கடும் காய்ச்சலால் 1776இல் நாடு திரும்பினார். இதைவிடச் சுவையான தொடர்பு முந்தைய பதிலில் சொன்ன கப்பலோடு இருக்கிறது. ஃபூட்ராயன்ட் நொறுங்கிய பிறகு அதன் உரிமையாளர் அதற்குப் பதிலாக வாங்கி அதே பெயரைச் சூட்டிய கப்பல், 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டிய டிரிங்கோமலீ. இப்போது மீண்டும் உங்கள் ஊர்ப் பெயரோடு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.

மதுரை வாசகர்: இப்படிப்பட்ட செட்டை இந்தியாவிலேயே செய்விக்க முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். உலகில் விற்கும் தரமான மரச் சதுரங்கக் காய்களில் பெரும்பங்கு அமிர்தசரஸின் பட்டறைகளிலிருந்தே செல்கிறது. ராஜா, மந்திரி, சிப்பாய் ஆகியவற்றைக் கடைசல் பிடித்து முடித்துவிடலாம், குதிரையை மட்டும் கையால்தான் செதுக்க வேண்டும். அதற்கென்றே தேர்ந்த செதுக்குநர்கள் இருக்கிறார்கள், செட்டின் விலையை நிர்ணயிப்பதும் பெரும்பாலும் அந்தக் குதிரைதான். கப்பல் வடிவம் கேட்டால் எல்லாக் காய்களும் குதிரையைப் போன்ற உழைப்பைக் கோரும் என்பதை மனத்தில் வைத்து விலை பேசுங்கள். வெள்ளைப் பக்கத்துக்கு வெளிர் மஞ்சள் நிற பாக்ஸ்வுட் மரமும், எதிர்ப்பக்கத்துக்குக் கருங்காலியும் போதும். பாய்மரக் கயிறுகளை மரத்தில் செதுக்கச் சொல்ல வேண்டாம், அவை நிற்காது. சுருட்டிய பாயோடு கம்பங்களைத் தடித்துக் குட்டையாக அமைப்பதே விளையாடும் காய்க்கு ஏற்றது.

போரைக் காய்களாக்குவதும் நம் நாட்டுக் கலைஞர்களுக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் வங்காளத்தின் பெர்ஹாம்பூரில், ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மறுபக்கம் இந்திய மன்னரின் படையுமாகத் தந்தத்தில் செதுக்கிய செட்டுகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவில் தந்த வணிகம் சட்டப்படி குற்றம். பிரிட்டனிலும் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சேலம் வாசகர்: நான் பள்ளி மாணவர்களுக்குச் சதுரங்கம் கற்பிக்கிறேன். டிரஃபால்கரைச் சதுரங்க உத்தியோடு ஒப்பிட்டுப் பாடம் நடத்தலாமா? அந்தச் செட்டைப் போட்டியில் பயன்படுத்தலாமா?

பதில்: போட்டிக்கு வேண்டாம். ராஜா சுமார் 9.5 செ.மீ. உயரமும் கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை அகலமும் கொண்ட ஸ்டான்டன் வகைக் காய்களையே சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு பரிந்துரைக்கிறது.

பாடத்துக்கு அந்தப் போர் அருமையான எடுத்துக்காட்டு. அக்காலத்தில் இரு கடற்படைகளும் நீண்ட வரிசையாக நின்று பக்கவாட்டில் சுட்டுக்கொள்வதே வழக்கம். நெல்சன் தன் கப்பல்களை இரண்டு நிரைகளாகப் பிரித்து, எதிரி வரிசையை ஏறத்தாழச் செங்குத்தாகக் குத்தினார். நெருங்கும் வரை முன்னணிக் கப்பல்கள் திருப்பிச் சுட முடியாமல் அடி வாங்க வேண்டியிருந்தது. காற்றும் மிகவும் மெல்ல வீசியதால் அந்த நேரம் நீண்டது. ஆனால் வரிசை உடைந்ததும், எதிரி வரிசையின் தலைப்பகுதியில் பிரெஞ்சுத் தளபதி துய்மனுவார் தலைமையில் நின்ற கப்பல்கள் துண்டிக்கப்பட்டன. அவை அந்த மெல்லிய காற்றில் திரும்பி வருவதற்குள் நடுப்பகுதியும் பின்பகுதியும் நசுங்கிவிட்டன. பலகையின் ஒரு மூலையில் காய்கள் முடங்கிக் கிடக்க, மறு மூலையில் ராஜாவின் மேல் எல்லாப் படையும் குவியும் ஆட்டங்களை மாணவர்களுக்குக் காட்டியிருப்பீர்கள். மொத்த எண்ணிக்கையில் 33க்கு 27 என்று குறைந்திருந்தவர், மோதிய இடத்தில் மிகுந்திருந்தார். அந்த மாலைக்குள் எதிர்ப்பக்கம் 18 கப்பல்களை இழந்தது; பிரிட்டிஷ் பக்கம் ஒன்றையும் இழக்கவில்லை.

ஒப்பீடு எங்கே நிற்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பலகையில் காய் தானாக நகராது. நெல்சனோ போருக்கு முன் அக்டோபர் 9ஆம் தேதியிட்ட குறிப்பில், சைகைகள் தெரியாமலோ புரியாமலோ போனால், தன் கப்பலை எதிரிக் கப்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் எந்தக் கப்பல் தலைவரும் பெரிதாகத் தவறு செய்தவராகமாட்டார் என்ற பொருளில் எழுதியிருந்தார். புகை சூழ்ந்த பிறகு அவர் கட்டளையிட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கப்பல் தலைவரும் தானே ஆட்டக்காரராக மாறினார். பிரிட்டிஷ் கப்பல் டெமரேர் விக்டரியின் உதவிக்கு விரைந்து, அதன் மேல் ஏறவிருந்த ரெதூதாப்ல் வீரர்களைத் தன் பீரங்கிகளால் வீழ்த்தியதும் அப்படி நடந்ததுதான்.

புதுச்சேரி வாசகி: கடற்கரையோர வீட்டில் இத்தகைய செட்டை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: உப்புக் காற்றில் வெள்ளியும் வெண்கலமும் விரைவில் கறுக்கும் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். கறுத்துவிட்டதே என்று மெருகுப் பசை போட்டுத் தேய்க்க வேண்டாம். பள்ளங்களில் வேண்டுமென்றே விட்ட கருமையும் சேர்ந்து போய்விடும். மரப் பலகை ஏர்கண்டிஷனர் காற்றுக்கு நேராக இருந்தால் இணைப்புகளில் விரிசல் விடும். தூசு தட்ட மென்மையான ஓவியத் தூரிகை போதும். விளையாடும்போது கப்பலைக் கம்பத்தைப் பிடித்துத் தூக்காமல் அடிப்பீடத்தைப் பிடித்தே நகர்த்த வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.